ரொட்டி வண்டியில் ஒரு தண்ணீரில்லாக் கழிப்பறை

முப்பத்தோரு வருடமாக நான் பிளம்பர். இந்த ஊரில் காலையில் எழுந்து நிம்மதியாக உட்காருகிறவர்களில் பாதிப் பேர் நான் பொருத்திய பீங்கானின் மேல்தான் உட்காருகிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர்கூட என்னை நினைப்பதில்லை. நினைத்தால்தான் சிக்கல், எங்கேயோ அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்படி நினைக்கும்போதும் என் பெயரை நினைப்பதில்லை. 'பைப்பு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். என் மாமனாரே தன் நண்பர்களிடம் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார்.

இவ்வளவு பீற்றிக்கொள்வது எதற்கு என்றால், அப்பேர்ப்பட்ட நான் சொந்த மனைவிக்கு ஒரே ஒரு கழிப்பறை கட்டப் போய் மூக்குடைபட்டதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் உயரமாக ஏறி நின்றுகொண்டால்தானே விழும்போது நன்றாகச் சத்தம் கேட்கும்.

மனைவி தையல்காரி. நாலு வருடத்துக்கு முன் அவளுக்குக் குடலில் ஆபரேஷன். ஒரு அடிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். "ஒரு அடி பைப்பை எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேத்தா, ஓட்டம் வேகமாத்தான் சார் இருக்கும்" என்று நான் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மனைவி பார்த்த பார்வையில் நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் சொன்னபடிதான் ஆயிற்று. மற்றபடி அவள் நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தைக்கிறாள், என்னைத் திட்டுகிறாள். வயிறு கலக்கினால் மட்டும் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. பயந்தாலும் கலக்கும், விழுந்து விழுந்து சிரித்தாலும் கலக்கும். அதனால் வேலை பார்த்த கடையை விட்டுவிட்டு வீட்டிலேயே மெஷினைப் போட்டுக்கொண்டாள். மெஷினிலிருந்து கழிப்பறைக் கதவுக்கு ஒன்பது அடி. நானே அளந்து, இடையில் இருந்த அலமாரியை நகர்த்தி வைத்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி இரண்டு நாள் பயண தூரத்தில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் அவளைப் பார்க்க ரயிலில் கிளம்பினோம். பெட்டியில் இரண்டு கழிப்பறை. ஒன்று பூட்டிக் கிடந்தது, இன்னொன்றின் முன்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். மனைவி ஏழாவது ஆளாகப் போய் நின்றாள். அப்புறம் நடந்ததை விவரமாகச் சொல்ல மாட்டேன். நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. நான் அவள் இடுப்பில் போர்வையைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்தேன். என்னமோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆறுதலாகத்தான் ஏதாவது சொல்லியிருப்பேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எப்படியோ வீடு வந்து சேர்ந்தோம். அதிலிருந்து அவள் எந்த வண்டியிலும் ஏறவில்லை.

இப்போது மகள் கர்ப்பம். ஏதோ சிக்கல் என்று படுக்கையை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிரசவத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது போன் செய்தாள்.

"அம்மா வரலைன்னா பரவாயில்லப்பா. இங்க நர்ஸுங்க நல்லாப் பாத்துக்கறாங்க. நிஜமாவே பரவாயில்ல. அம்மாகிட்ட சொல்லுங்க, பரவாயில்லன்னு."

மூன்று தடவை பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஒரு சட்டைக் கைக்கு ஒரே இடத்தில் நாலு தடவை தையல் ஓட்டினாள். பிறகு மெஷினை நிறுத்தினாள்.

"நான் போகணும்ங்க" என்றாள். "அவ வலியில கத்தும்போது நான் பக்கத்துல இருக்கணும். ஆனா எப்படிப் போவேன்?"

"எப்படியா? யார்கிட்ட வந்து கேக்கற? கக்கூஸ் ஒரு பிரச்சனையா, அதுவும் எனக்கு?" என்று மார்தட்டினேன். "உன் கூடவே வர்ற மாதிரி ஒண்ணு கட்டித் தரேன் பாரு."

பக்கத்துத் தெருவில் ஒரு ரொட்டிக் கடையை மூடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ரொட்டி ஏற்றிப் போன வேனை வாங்கினேன். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், ஒரு கட்டில் போடலாம். வெளியே இரண்டு பக்கமும் சிரித்த முகத்தோடு பெரிய ஒரு பன். அதன் கீழே கொட்டை எழுத்தில், 'சுடச்சுட! இப்பத்தான் வந்தது!' அதை அழித்துப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று என் பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கும் வெல்டரிடம் சொன்னேன். அவன் அதிகம் பேசாதவன், பேசினால் குத்திவிட்டுப் போவான். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"எதுக்குண்ணே அழிக்கணும்? நீங்க உள்ள வைக்கப்போறதுக்குப் பொருத்தமாத்தான இருக்கு."

முதலில் நான் போட்ட திட்டம் தெரிந்த திட்டம். கூரையில் தண்ணீர்த் தொட்டி, கீழே பீங்கான், அதற்கும் கீழே கழிவுத் தொட்டி. தாளில் வரைந்து வெல்டரிடம் நீட்டினேன்.

"ஒரு தடவைக்கு எவ்ளோ தண்ணி?"

"ஆறு லிட்டர்."

"அண்ணி ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவாங்க?"

"பதினஞ்சு வச்சுக்கோயேன்."

அவன் வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டான். "இது வீட்டு வண்டி இல்லண்ணே, தண்ணி லாரி. அதுவும் ஊத்தின தண்ணி எங்கயும் போகாது. கூடவே வரும். முன்னால நல்ல தண்ணி, பின்னால கெட்ட தண்ணி, நடுவுல நீங்க ரெண்டு பேரும்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"தண்ணியே இல்லாத டாய்லெட் இருக்காம். இந்த மாதிரி வண்டிகள்ல அதைத்தான் வைக்கிறாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் இல்லாத கழிப்பறையா? அப்புறம் நான் எதற்கு? முப்பத்தோரு வருடம் குழாயோடு மல்லுக்கட்டியவனிடம் சொல்லும் பேச்சா இது? மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நாலாவது நாள் நானே போய் டீ வாங்கிக் கொடுத்து, "எந்த மாதிரி டாய்லெட்டுன்னு சொன்னே?" என்று கேட்டேன்.

கடைகளில் ஒன்றிரண்டை இரவல் வாங்கி வீட்டுக்கே கொண்டுவந்து பார்த்தேன். ஒன்று பெட்டி மாதிரி, அடியில் நீல நிற மருந்து. மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாடையும் மிட்டாய் வாடையும் சேர்ந்து அடித்தது. மனைவிக்குத் தலைவலி வந்து அன்றைக்கு ஒரு பட்டன்கூடத் தைக்கவில்லை. இன்னொன்று, ஒவ்வொரு தடவையும் பையில் விழுவதை அதுவே சூடு காட்டி ஒட்டி முடிச்சுப்போட்டுவிடும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒட்டும்போது மாவு மில் மாதிரி சத்தம் போட்டது.

"நான் போனதை ஊருக்கெல்லாம் தண்டோரா போடுமா இது?" என்றாள் மனைவி. அதையும் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் வெல்டர் சொன்ன வகைக்கே வந்தேன். உட்காரும் இடத்தில் ஒரு தடுப்பு இருக்கும். முன்பக்கம் போகிற சிறுநீர் ஒரு குழாய் வழியாக ஒரு கேனுக்குப் போய்விடும். பின்பக்கம் போவது நேராகக் கீழே இருக்கும் டப்பாவில் விழும். டப்பாவில் தேங்காய் நார்த்தூள். போனதும் இன்னும் இரண்டு கை தூளை மேலே போட்டு மூடிவிட வேண்டும். ஒரு சின்ன விசிறி காற்றை இழுத்துக் கூரை வழியாக வெளியே விடும். இரண்டும் கலக்காமல், ஈரம் படாமல் இருந்தால் நாற்றமே வராது. எல்லாமே அந்த ஒன்றில்தான் இருக்கிறது: தண்ணீர் படவே கூடாது. வெல்டர் கொண்டுவந்த செய்முறைத் தாளில் இதை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். படித்தேன் என்பதற்கு வெல்டர் சாட்சி.

வேலையில் இறங்கினேன். பிளைவுட்டில் பெட்டி நான் செய்தேன். ஸ்டீல் தடுப்பு வெல்டர் செய்தான். செத்துப்போன ஒரு கம்ப்யூட்டரிலிருந்து விசிறியைக் கழற்றினோம். சிறுநீர்க் குழாயை நான் மாட்டி முடித்ததும் வெல்டர் குனிந்து பார்த்தான்.

"இந்த வளைவு எதுக்குண்ணே?"

"நாத்தம் மேல வராம இருக்க. வளைவுல தண்ணி நிக்கும், காத்தை அடைச்சுக்கும்."

"எந்தத் தண்ணி?"

நான் வளைவைக் கழற்றினேன். கை தானாகச் செய்துவிட்டது. அதற்கப்புறம் அவன் டப்பாவைப் பார்த்தான். நார்த்தூள் செங்கல் மாதிரி அழுத்திய கட்டிகளாகத்தான் கடையில் கிடைக்கும். நான் மூன்று கட்டியை அப்படியே டப்பாவின் அடியில் அழகாக அடுக்கியிருந்தேன்.

"இதை உடைச்சு உதிர்த்துப் போட வேண்டாமா?"

"போகப் போகத் தானா உதிரும், நீ சும்மா இரு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியை வண்டிக்குக் கூட்டிவந்து காட்டினேன். வாசலில் அவளையும் வெல்டரையும் நிறுத்திவிட்டு, மூடியைத் திறந்து, தடுப்பைக் காட்டி, விசிறியை ஓடவிட்டு, ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இங்கே என் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த வீட்டில் கழிப்பறை வேலை முடித்தாலும், வீட்டுக்காரரை வாசலில் நிற்கவைத்து, ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிக் காட்டுவேன். தண்ணீர் சுழன்று 'களக்'கென்று இறங்கும். "அவ்வளவுதான், இனி உங்க பாடு" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைப்பேன். முப்பத்தோரு வருடத்தில் ஒரு தடவைகூட இதை விட்டதில்லை. அன்றைக்கு வண்டியைக் கழுவிய வாளி நிறையத் தண்ணீரோடு என் காலடியில் இருந்தது.

ஊற்றினேன்.

"அண்ணே!" என்று வெல்டர் அலறியபோது வாளி காலி.

முன்பக்கம் போன தண்ணீரில் கேன் நிறைந்து, வழிந்து, என் செருப்புக்கு அடியில் ஓடி, வண்டியின் படி வழியாக இறங்கியது. மீதியெல்லாம் டப்பாவுக்குள். பழக்க தோஷத்தில் நான், "அவ்வளவுதான், இனி உங்க பாடு" என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தேன். அசடு வழிய மூடியைச் சாத்திவிட்டுத் துணியை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதே மூடி அசைந்தது. நார்த்தூள் கட்டி தண்ணீரைக் குடித்தால் மூன்று நாலு மடங்கு உப்பும் என்று அந்தச் செய்முறைத் தாளில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் புரட்டவில்லை. மூடி யாரோ உள்ளிருந்து தள்ளுகிற மாதிரி மெல்ல மெல்ல மேலே எழும்பியது. பழுப்பு நிறத்தில், ஈரமாக, பொசுபொசுவென்று அது வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு விளிம்பைத் தாண்டி என் முழங்காலில் விழுந்தது.

மனைவி வெளியே சிரிக்கும் பன்னைப் பார்த்தாள். உள்ளே என்னைப் பார்த்தாள். "இப்பத்தான் வந்தது" என்று சத்தமாகப் படித்தாள். அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்டச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திடீரென்று வயிற்றைப் பிடித்தாள். "ஐயோ" என்று வீட்டுக்குள் ஓடினாள். நல்லவேளை, வாசலில்தான் வண்டி நின்றது.

அவள் திரும்பி வருவதற்குள் வெல்டர் நழுவிவிட்டான். மனைவி வண்டிப் படியில் உட்கார்ந்தாள். சிரிப்பு போயிருந்தது.

"எல்லாம் சரிங்க. கழுவுறது எங்க?"

"என்னது?"

"கழுவுறது. தண்ணி படக்கூடாது, தண்ணி படக்கூடாதுன்னு அரை மணி நேரமா பேசினீங்களே. போயிட்டு நான் கழுவ வேண்டாமா? எங்க கழுவறது, அந்தத் தண்ணி எங்க போகும்?"

இத்தனை வருடப் பிளம்பர், அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அசட்டுத்தனமாக, "காகிதம் வச்சு..." என்று இழுத்தேன். அவள் பார்த்த பார்வையில் அதையும் விட்டுவிட்டேன்.

"வண்டி வாங்கினீங்க, பெட்டி செஞ்சீங்க, நாலு வாரமா ராப்பகலா தட்டினீங்க. ஒரு தடவையாவது உனக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?"

"உனக்கு டாய்லெட்தான வேணும்?"

அவள் தரையில் கிடந்த ஈரத் தூளைக் காலால் ஒதுக்கினாள்.

"ரயில்ல நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா?"

"எனக்கு நினைவில்லம்மா."

"எனக்கு இருக்கு. போர்வையைச் சுத்தி விட்டுட்டு, என் காதுல சொன்னீங்க. 'கொஞ்ச நேரம் அடக்கிக்கக்கூடாதா? எல்லாரும் பாக்குறாங்க.' அதான் சொன்னீங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது என் வாக்கியம்தான். என் குரலிலேயே எனக்குக் கேட்டது.

"வழியில கக்கூஸ் இல்லைன்னு நான் வீட்டுல உக்காரலங்க. அந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்டுடுவேனோன்னுதான் உக்காந்திருக்கேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மன்னிச்சுக்கோ என்றேன். "முதல்ல தரையைத் துடைங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். நான் வெறும் கையாள். டப்பாவை ஒட்டி ஒரு சாய்ந்த தட்டு வைக்கச் சொன்னாள், அதற்குத் தனிக் கேன். கழுவுகிற தண்ணீர் நார்த்தூளின் பக்கமே போகாது. அயர்ன் செய்யும்போது துணியில் தண்ணீர் தெளிக்க அவள் மெஷின் பக்கத்தில் ஒரு பாட்டில் வைத்திருப்பாள். அதே மாதிரி ஒன்றைக் கொக்கியில் மாட்டினாள். நாலு அழுத்து அழுத்தினால் போதும், ஒரு டம்ளர் தண்ணீர்கூட ஆகாது. வெட்டித் தள்ளிய பருத்தித் துணிகளைச் சதுரம் சதுரமாக ஓரம் அடித்து வைத்தாள். வெல்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அண்ணி, நீங்க ஏன் முன்னாடியே இதுல இறங்கல?" என்றான். நான் மூன்றாவது கட்டியை உதிர்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு விதியும் போட்டாள். ஓடுகிற வண்டியில் அதில் உட்கார முடியாது, குலுங்கினால் இரண்டும் கலந்துவிடும். நிறுத்தியே ஆக வேண்டும். "நான் உங்க சீட்டுக்குப் பின்னால இருக்கற தகரத்துல ரெண்டு தட்டு தட்டுவேன். நீங்க நிறுத்தணும். ஏன், எதுக்கு, இப்பதான போனே, இன்னும் பத்து கிலோமீட்டர் போயிடலாம், ஒண்ணும் பேசக்கூடாது. நிறுத்தணும், அவ்வளவுதான்."

பிரசவத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது கிளம்பினோம். முதல் தட்டு நாற்பதாவது நிமிடத்தில் வந்தது. "இப்பதான..." என்று நாக்கு நுனிவரை வந்ததைக் கடித்து விழுங்கினேன். இரண்டாவது தட்டுக்கும் விழுங்கினேன். சாயங்காலத்துக்குள் தட்டு கேட்ட உடனே கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. நல்ல பழக்கமும் எனக்குக் கைகால் வழியாகத்தான் வரும் போலிருக்கிறது. பயணம் என்றாலே முந்தின நாளிலிருந்து பட்டினி கிடப்பவள், மதியத்துக்கு மேல் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து ஒரு ஆப்பிளை நறுக்கிச் சாப்பிட்டாள். ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தாள். எதிரே வருகிறவர்கள் எங்கள் பன்னைப் பார்த்துச் சிரிப்பதை எண்ணிக்கொண்டு வந்தாள்.

நானோ, இரண்டாம் நாள் காலையில் வழிக்கடை ஒன்றில் எண்ணெயில் பொரித்த எதையோ நாலு எடுத்து விழுங்கினேன். "அந்த எண்ணெயைப் பாருங்க, கறுப்பா இருக்கு" என்றாள். "என் குடல் முழுசா இருக்கும்மா, தாங்கும்" என்று சொன்னேன். எப்பேர்ப்பட்ட வாய் பாருங்கள்.

மத்தியானம் மருமகன் போன் செய்தார். வலி எடுத்துவிட்டது, பிரசவ அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அத்தையைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றார். எங்களுக்கு இன்னும் ஒரு மணி நேர தூரம். மனைவி சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாள். "போங்க, போங்க" என்று ஒவ்வொரு வண்டியையும் கையாலேயே விலக்கினாள். ஒரு பாலத்துக்கு வந்தோம். ரிப்பேர் வேலை, ஒரு பக்கத்தை மூடியிருந்தார்கள். ஒரு நேரத்துக்கு ஒரு திசை வண்டிகளைத்தான் விட்டார்கள். எங்கள் வரிசை பாலத்தை நோக்கி மெல்ல நகர ஆரம்பித்தது. அப்போதுதான் என் வயிறு கலக்கியது.

சாதாரணக் கலக்கு இல்லை. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க, இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல."

"வயிறா?"

"நீ மகளை நினை. பாலம் தாண்டட்டும். நான் கொஞ்சம் அடக்கிக்கறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் மகள் இருக்கிறாள், வலியில் கத்துகிறாள், இவளைக் கேட்கிறாள். இப்போது இவள் என்ன சொன்னாலும் எனக்குத் தகும் என்று நினைத்தேன். அந்த வாக்கியத்தையே திருப்பிச் சொன்னாலும் தகும்.

அவள் கையை நீட்டித் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினாள்.

"நிறுத்துங்க."

"பின்னால வண்டி நிக்குதும்மா, ஒதுங்க இடமில்ல..."

"ஒண்ணும் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல? போங்க உள்ள. நான் பாத்துக்கறேன்."

எப்படிப் போய் உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது. நான் செய்த பெட்டி, அவள் சொல்லிச் செய்த தட்டு, தலைக்கு மேல் கம்ப்யூட்டர் விசிறி. வெளியே ஹாரன்கள் கத்தின. சரக்சரக்கென்று பூட்ஸ் சத்தம் வந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர்.

"ஏம்மா, நடுவுல நிறுத்திட்டு என்ன பண்றீங்க? டிரைவர் எங்க?"

"உள்ள இருக்கார் சார். என் வீட்டுக்காரர். வயித்துக்குச் சரியில்ல. அவர் வர்ற வரைக்கும் வண்டி நகராது."

"கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நிறுத்தக்கூடாதா? பாருங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும் சார்" என்றாள் மனைவி. குரல் கொஞ்சம்கூட இறங்கவில்லை. "மனுஷனுக்கு வயிறு கலக்காதா? எங்க மகளுக்குப் பிரசவ வலி, எனக்கு இல்லாத அவசரமா இங்க நிக்கிறவங்களுக்கு? அவர் நிதானமா வரட்டும்."

நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு, விக்கி விக்கி அழுதேன். ஐம்பத்தெட்டு வயது ஆள் கழிப்பறையில் உட்கார்ந்து அழுவது பார்க்க நன்றாக இருக்காது. நல்லவேளை கதவு இருந்தது. முடிந்ததும் கை தானாகப் பின்னால் போய் ஃப்ளஷைத் தேடியது. அப்புறம் நினைவு வந்து, இரண்டு கை நார்த்தூளைப் போட்டு மூடினேன்.

வெளியே வந்தபோது வரிசை மாறிவிட்டது. எதிர்ப்பக்க வண்டிகளை விட்டுவிட்டார்கள். எங்கள் முறை திரும்பவும் வர இருபது நிமிடம் ஆயிற்று. மனைவி வாட்சைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டி, "உப்புச் சர்க்கரை கலந்திருக்கேன், குடிங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் படியேறும்போதே மருமகன் எதிரே வந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. "பொண்ணு, அத்தை. பத்து நிமிஷம் ஆச்சு" என்றார். பத்து நிமிடம். நான் உள்ளே உட்கார்ந்திருந்த நேரம்கூட அதைவிட அதிகம்.

பொது வார்டுக்கு மாற்றிய பிறகுதான் எங்களை உள்ளே விட்டார்கள். ஆறு கட்டில். மகள் வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டினாள். "வந்துட்டியாம்மா... வண்டியில வந்தியா... கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..."

"பாலத்துல டிராபிக்டி கண்ணு" என்றாள் மனைவி. அவள் தலையைக் கோதினாள். "அதான் லேட்டாயிடுச்சு. மாட்டிக்கிட்டோம்."

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். என் மானத்தை அப்படியே மடித்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டாள். நான் சும்மா இருந்திருந்தால் அந்தத் தையல் ஆயுசுக்கும் பிரிந்திருக்காது.

"டிராபிக் இல்லம்மா" என்றேன். வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். "உங்கப்பனுக்கு வயித்தால போச்சு. பாலத்துக்கு முன்னால நடு ரோட்டுல வண்டியை நிறுத்தி, போலீஸ்காரரைக் காவலுக்கு வச்சு என்னை உக்காரவச்சா உங்கம்மா. லேட்டானது என்னாலதான்."

ஆறு கட்டிலும் திரும்பிப் பார்த்தது. ஒரு நர்ஸ் ஊசியோடு நின்றுவிட்டாள். மகள் முதலில் விழித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, சிரிக்க வைக்காதீங்க, தையல் வலிக்குது" என்று கெஞ்சினாள். மனைவி குழந்தையைக் கையில் வாங்கியிருந்தாள். அவளுக்கும் தோள் குலுங்கியது. போலீஸ்காரர் முகத்தை நடித்துக் காட்ட ஆரம்பித்தாள், அப்படியே நிறுத்தினாள். வயிறு கலக்கும்போது அவளுக்கு வரும் அந்த முகம் எனக்குத் தெரியும். குழந்தையை மருமகனிடம் கொடுத்துவிட்டு வேகமாக வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

வராந்தாக் கடைசியில் ஒரே ஒரு கழிப்பறை. முன்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மனைவி நாலாவது ஆளாகப் போய் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரயிலிலும் இப்படித்தான் நின்றாள்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றேன். "என் மனைவிக்கு உடம்பு முடியாது, அவளால காத்திருக்க முடியாது. முதல்ல அவ போகட்டும்."

மூன்று பேரும் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு அம்மா கதவைத் திறந்தே விட்டார். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ரயிலில் நின்ற ஆறு பேரும் இப்படித்தான் நகர்ந்திருப்பார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.